மஞ்சப்பையைப் பையன் கையில் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. அபாகஸில் கெட்டிக்காரன். ஆனால் வேர்ட் ப்ராப்ளம் வந்தால் விழிக்கிறான், "இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று கேட்கிறான். முன்பு சாயங்காலம் என் மாமனாரோடு மார்க்கெட்டுக்குப் போவான். நேரம் வீணாகிறதே என்று போன வருடம் நிறுத்திவிட்டோம், இப்போது காய்கறி எல்லாம் ஆப்பில்தான். கணக்குக்கு ஆன்லைன் டியூஷன் சேர்க்கலாமா?
வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வேண்டாம். இப்படிக் கேட்டு வரும் கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் போகப்போகச் சரியாகிவிடும் என்று ஆறுதல் எழுதப்போவதில்லை. ஏம்மா, அந்த மார்க்கெட் நடையை நிறுத்தும்போது எதை நிறுத்துகிறோம் என்று யோசித்தீர்களா?

ஸ்டேஷன் பக்கம் ஒரு காய்கறிக்கடை முன்னால் போய் நின்று பாருங்கள். தக்காளி கிலோ 36 என்று அட்டையில் எழுதியிருக்கும். முக்கால் கிலோ கேட்டு 50 ரூபாயை நீட்டினால், அரைக்குப் பதினெட்டு, காலுக்கு ஒன்பது, மீதி இருபத்திமூணு என்று கடைக்கார அம்மா நோட்டை வாங்கும்போதே சொல்லிவிட்டு, கொசுறாக ரெண்டு கொத்து கறிவேப்பிலையும் போடுவார். பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, கூட்டி, கழித்து, இத்தனையும் உங்கள் பையன் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. எப்போது எதைச் செய்யணும் என்பதை அங்கே அந்தத் தக்காளியே சொல்லிக்கொடுக்கும். அபாகஸ் வேகம் தரும், ஆனால் கணக்கை யாராவது அமைத்துக் கொடுத்த பிறகுதான் மணி நகரும். அவன் தடுமாறுவதே அமைக்கிற இடத்தில்தான்.

அதற்காக மார்க்கெட்டுக்குப் போனாலே மார்க் ஏறிவிடும் என்றும் சொல்லமாட்டேன். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினரின் ஆய்வு ஒன்று 2025ல் வெளியானது. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வியாபாரக் கணக்கை மனசுக்குள்ளேயே சரியாகப் போடுகிறார்கள், பள்ளிக்கூடத்துக் கணக்காகக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். இரண்டையும் வீட்டில் யாராவது சேர்த்துவைக்கணும். அதனால் பையும் பணமும் அவன் கையில் இருக்கட்டும். ஜிபே வேண்டாம், ஸ்கேன் செய்தால் மீதிச் சில்லறை என்ற கணக்கே போய்விடும். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல் ஒரு நிமிஷம் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு வாங்கியதையே ஒரு வேர்ட் ப்ராப்ளமாக அவன் நோட்டில் எழுதி, உங்களைப் போடச் சொல்லட்டும். கணக்கை உண்டாக்கத் தெரிந்த பிள்ளை கூட்டணுமா பெருக்கணுமா என்று கேட்கிற நாள் தானாகக் குறையும்.

அப்புறம் உங்கள் மாமனார். நிறுத்திவிட்டோம் என்று எழுதினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவரைக் கேட்டீர்களா? பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்வருவது அந்த மனுஷருக்கு வீட்டில் இருந்த ஒரு பொறுப்பு, அதை ஒரு ஆப்பிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்தால் பெரியவர்களுக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவரைப் போன்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று சின்ன வயதில் காதில் விழுந்தது இன்னும் நினைவிருக்கலாம். பின்னம் படிக்கிற பையனுக்கு அதைவிட நல்ல பேச்சுத்துணை எந்த டியூஷனில் கிடைக்கும்?

பையனைத் தூது அனுப்பாதீர்கள். நிறுத்தியது நீங்களும் உங்கள் கணவரும், அதனால் நீங்கள் இரண்டு பேருமே அவரிடம் போய், நாளையிலிருந்து இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் மாமா, அப்பா என்று கேளுங்கள். முட்டி வலி, இப்போது தனியாகக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று அவர் சொன்னால் உங்கள் கணவர் ஆபீஸிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்து மூன்று பேருமாகப் போகட்டும்.