பசை எதற்கு?

அன்புள்ள சார்,

எனக்கு 41 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. மூன்று வருடமாக லெகோ கட்டுகிறேன், ஒன்றோடொன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். போன மாதம் டைட்டானிக் கப்பலைக் கட்டி முடித்தேன். 9,090 பீஸ். ஆடாமல் இருக்கட்டும் என்று சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி, கண்ணாடிப் பெட்டி செய்து ஹாலில் வைத்திருக்கிறேன். பார்க்க வந்த மைத்துனர், "பாப்பாவுக்கா வாங்கினீங்க?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வயதில் இது சிறுபிள்ளைத்தனமா? இதற்கு இவ்வளவு பணம் போடலாமா? மேனுவலைப் பார்த்துக் கட்டுவதில் நம்முடைய படைப்பு என்று ஏதாவது இருக்கிறதா? ஏழு வயது மகள் கப்பலிலிருந்து ஒரே ஒரு பீஸ் கேட்டாள், கொடுக்க முடியவில்லை. அதுவும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜையில் ஒரு லெகோ டைப்ரைட்டர் பாதி பிரித்த நிலையில் கிடந்தது. 2,079 பீஸ், மூன்றாவது தடவையாகப் பிரிக்கிறேன். அதனால்தான் கையோடு பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு நீளமாகப் பதில் வேண்டாம். சிறுபிள்ளைத்தனம் இல்லை. கப்பல் செட் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வயது 18+ என்று அச்சடித்திருக்கிறது. பணம், கடன் வாங்காமல், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸில் கை வைக்காமல் வாங்கினால் அது உங்கள் இஷ்டம்.

ஆனால் க்ளூ போட்டு ஒட்டினேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள்? அந்தக் கப்பலை மூன்று துண்டாகக் கழற்றிப் பார்க்கிற மாதிரிதான் வடிவமைத்திருக்கிறார்கள். கழற்றினால் உள்ளே பெரிய மாடிப்படி, பாய்லர் அறை எல்லாம் தெரியும். பின்னால் இருக்கிற புரொபெல்லரைச் சுற்றினால் எஞ்சின் அறையில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும். அத்தனையையும் உங்கள் கையால் கட்டிவிட்டு, அதே கையால் பூட்டிச் சீல் வைத்துவிட்டீர்கள். இத்தனைக்கும் நீங்கள் பம்ப் கம்பெனிக்காரர், பிஸ்டன் ஓடாமல் இறுகினால் அதற்கு என்ன பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கில் பில்லுண்ட் என்கிற ஊரில் 1932-இல் ஒரு தச்சர் மரப் பொம்மை செய்யத் தொடங்கியதுதான் இந்த லெகோ கம்பெனி. 1949-இல் பிளாஸ்டிக் கட்டை வந்தது. அடிப்பக்கம் வெறும் பொள்ளல். அடுக்கலாம், ஆனால் பிடிப்பு போதாது, தட்டினால் பிரிந்துவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒன்பது வருஷம் ஆனது. பசை தடவுவதாக இருந்தால் அந்தக் கஷ்டமே தேவைப்பட்டிருக்காதே. அந்தத் தச்சரின் மகன் கட்டைக்கு அடியில் குழாய்களை வைத்தார். மேலே இருக்கிற குமிழ் கீழே இருக்கிற குழாய்க்கும் சுவருக்கும் நடுவே போய் இறுகும். 1958 ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்தக் குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். அந்த அளவு இம்மி கூடினால் குழந்தையால் பிரிக்க முடியாது, இம்மி குறைந்தால் சுவர் நிற்காது. இறுகவும் வேண்டும், ஒரு சின்னக் கை இழுத்தால் விடவும் வேண்டும். 1958-இல் வார்த்த கட்டை இன்றைக்கு வாங்குகிற கட்டையோடு டிக் என்று பொருந்துகிறது. இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள, ஒரே நிறத்துக் கட்டை ஆறு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகச் சேர்க்கலாம் என்று கணித நிபுணர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் இருந்தது ஒன்பதாயிரம் பீஸ். ஒரு டியூப் பசையில் அது ஒரே ஒரு விதமாக முடிந்துபோனது.

திட்டுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். மைத்துனர் முன்னால் வாய் வராமல் நின்றீர்கள் என்ற வரி என்னை என்னவோ செய்துவிட்டது. மாயவரத்தில் என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கூடத்து மூலையில் கோணியை விரித்து மணல் கொட்டிவிடுவார், கொலுவுக்குப் பார்க் கட்ட. கேழ்வரகும் கடுகும் தூவி, தினம் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தெளிப்பார். கொலு வைக்கிற அன்றைக்கு அது பச்சைப்பசேல் என்று வயலாகி நிற்கும். ரசம் போன கண்ணாடித் துண்டு குளம், தென்னை ஈர்க்கு தண்டவாளம். வீடு, கோபுரம், ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில். அந்த அட்டை வேலையில் பசையே கிடையாது. ஒரு அட்டையின் விளிம்பில் பிளேடால் பல் வெட்டுவார், இன்னொன்றில் கீறல் போடுவார், இதை அதில் செருகிவிட்டு ஒற்றை விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். ஒரு வருஷம் ஸ்டேஷன் கூரை சரிந்துகொண்டே இருந்தது. நான் அடுப்படிக்குப் போய் மைதாப் பசை கிண்டிக் கொண்டுவந்து நீட்டினேன், சூடு ஆறாமல் கிண்ணம் கையைச் சுட்டது. அவர் வாங்கவில்லை. "ஒட்டிட்டா அடுத்த வருஷமும் இது ஸ்டேஷனாத்தாண்டா இருக்கும்" என்றார். விஜயதசமி முடிந்து மறுநாள் தானே உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக உருவி, நீவி, பிஸ்கட் டின்னில் அடுக்குவார். முளைப்பயிர் மாட்டுக்குப் போகும். கட்டும்போது இருந்த அதே முகம்தான் பிரிக்கும்போதும், ஒரு மாற்றமும் இருக்காது. அடுத்த வருஷம் ஸ்டேஷன் கூரை படித்துறையாக வந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர் மணலில் உட்கார்ந்து விளையாடுகிறார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. சாமி காரியம் என்று அதற்கு ஒரு பேர் இருந்தது. உங்கள் கப்பலுக்கு அப்படி ஒரு பேர் கிடையாது. அதனால் கண்ணாடிப் பெட்டி போட்டு அதை ஒரு 'பொருள்' ஆக்கி, ஹாலில் வைத்து, மரியாதை வாங்கித்தரப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மரியாதை உங்களுக்குத் தேவையே இல்லை எஸ். ராத்திரி அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது, அதற்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம்.

மேனுவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் டைப்ரைட்டரில் ஒரு எழுத்தை அமுக்கினால் நடுவே ஒரு கம்பி எழும்பும், மேலே உருளை வண்டி ஒரு படி நகரும். முதல் தடவை கட்டும்போது புத்தகம் சொன்ன இடத்தில் சொன்ன பீஸை வைத்தேன், அவ்வளவுதான், ஒன்றும் புரியவில்லை. பிரிக்கும்போதுதான் புரிந்தது, கடைசியில் வைத்ததை முதலில் எடுத்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனபோது, எந்தக் கம்பி எதை இழுக்கிறது என்று. இரண்டாம் தடவை பல பக்கங்களைப் பார்க்காமலே கட்டினேன். மூன்றாம் தடவை ஓரிரு இடங்களில் என் இஷ்டத்துக்கு மாற்றினேன். பாட்டு வகுப்பில் வர்ணம் கற்றுக்கொள்கிறவரிடம் போய் இதில் உன் கற்பனை எங்கே என்று யாரும் கேட்பதில்லை, முதலில் அது கையிலும் தொண்டையிலும் உட்காரட்டும் என்று விட்டுவிடுவோம். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஒட்டிய கப்பலைக் காப்பாற்றுகிறேன் என்று தயவுசெய்து அசிட்டோனில் இறங்காதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். பசையோடு சேர்ந்து கட்டையின் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்டிக்கும் கரைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். போனது போகட்டும், அது அப்படியே நிற்கட்டும். அடுத்து வாங்குவதைச் சின்னதாக வாங்குங்கள், கட்டி முடித்து ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், அப்புறம் பிரியுங்கள். பிரிக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

அவள் கேட்ட பீஸுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். குட்டிப் பீஸ்கள் தொலைந்துபோகும் என்று ஒவ்வொரு செட்டிலும் கொஞ்சம் கூடுதலாகவே போடுவார்கள். அவ்வளவு பெரிய கப்பல் கட்டியவரிடம் ஒரு கைப்பிடியாவது மிஞ்சியிருக்கும், ஏதோ ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்திருப்பீர்கள். இன்று ராத்திரி அதை எடுத்து அவள் முன்னால் தரையில் கொட்டுங்கள். என்ன கட்டினாள் என்று எனக்கு எழுதுங்கள்.