மூன்று ஏக்கரிலும் மகோகனி நடலாமா?

கேள்வி: வாழப்பாடி அருகே கிணற்றுப் பாசனத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் உள்ளது. குச்சிக்கிழங்கில் செலவு போக ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் நிற்கிறது. மகோகனி நட்டால் 15 ஆண்டில் ஏக்கருக்கு ஒரு கோடி கிடைக்கும் என்கிறார் கன்று விற்பவர். நகையை அடகு வைத்து முழு நிலத்திலும் நடலாம் என்பது என் கணவரின் எண்ணம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கன்று, குழி, சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு ஆகும் பணத்தை மட்டுமே இத்தகைய திட்டங்களில் செலவாகக் காட்டுவார்கள். நீங்கள் கைவிடப்போகும் கிழங்கு வருமானம் அந்தக் கணக்கில் வராது. ஆண்டுதோறும் 40,000 ரூபாயை 7 சதவீதக் கூட்டுவட்டியில் சேர்த்துவந்தால், 15ஆம் ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 10 லட்சமாகும். மூன்று ஏக்கருக்கு 30 லட்சம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கன்றுகளுக்கு இடையே உளுந்தோ நிலக்கடலையோ போடலாம் என்பதால் இதில் ஓரளவு கழித்துக்கொள்ளலாம் என்றாலும், நிழல் விழுந்த பிறகு குச்சிக்கிழங்கு சரியாகத் திரளாது. அந்தக் கிழங்கு வருமானத்தில்தான் குடும்பமே நடக்கிறது என்றால், கணக்கே தேவையில்லை.

நகைக்கடனைப் பொதுவாக ஓராண்டில் திருப்பவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும். மகோகனியோ வெட்டும் நாள்வரை ஒரு ரூபாயும் தராது. ஒரு கோடி என்பவரிடம், வெட்டி விற்ற தோட்டத்தின் ரசீதைக் கேளுங்கள். 1990களில் தேக்கு மரத்தின் பெயரால் பணம் திரட்டிய நிறுவனங்களில் ஏமாந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. இப்படிப் பலரிடம் பணம் திரட்டி நடத்தும் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 1999இல் விதிமுறைகள் கொண்டுவந்தது அந்தப் பின்னணியில்தான்.

மரமே கூடாது என்று சொல்லவில்லை. ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும், அதே மரத்தில் ஏற்றிய மிளகும் ஆண்டுதோறும் பணம் தருவதால்தான், மரத்தை அவசரமின்றி வளர விடுகிறார்கள். மலைக்குக் கீழே சமவெளியில் மிளகு நம் வெயிலுக்கு நிற்பது கடினம். ஆகவே அந்தப் பயிர்களை அல்ல, அந்த வரவுமுறையைப் பின்பற்றுங்கள். கிழங்கு வயலில் இருக்கட்டும், மரம் வரப்புக்குப் போகட்டும். ஏழெட்டு ஆண்டுகளில் பிளைவுட் ஆலைக்குப் போகும் மலைவேம்பையும், நீண்ட காலம் நிற்கும் தேக்கையும் கலந்து நட்டால், எல்லாப் பணமும் ஒரே ஆண்டின் விலையை நம்பி இருக்காது. தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்பு நடவுக்குக் கன்றுகள் இலவசமாகவே கிடைப்பதால், வட்டாரத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

பங்காளியோடு பொதுவான வரப்பாக இருந்தால், மரம் யாருக்கு என்பதை நடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் ஏற்றுங்கள். விற்கும்போது மரம் உங்களுடையது என்று காட்ட அது உதவும்.