1.6 பார் பூஸ்ட் தாங்குமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர் இன்ஜின் வண்டி வாங்கியிருக்கிறேன். இன்ஜினில் யாரும் கை வைத்ததில்லை. கோவையில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்யும் கடையில், “பூஸ்ட்டை 1.6 பாருக்கு ஏத்தித் தர்றோம், ஒண்ணும் ஆகாதுங்க” என்கிறார்கள். எத்தனை பார் வரை பயமில்லாமல் போகலாங்க?
– வாசகர், பெருந்துறை

பதில்: பூஸ்ட் என்பது டர்போ விசிறி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம், பார் அதை அளக்கும் அலகு. அந்த 1.6 எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்வது ஒரு கணக்கு. அதற்கு மேல் டர்போ தள்ளுவதை மட்டும் சொல்வது இன்னொன்று. சேர்த்து 1.6 என்றால் உண்மையான பூஸ்ட் சுமார் 0.6 பார்தான், பயமில்லை. பூஸ்ட் மட்டுமே 1.6 என்றால் 23 பிஎஸ்ஐ. அந்தச் சின்ன டர்போவுக்கு அது ரொம்ப அதிகம். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஊருக்கு ஊரும் கணக்கு மாறும். கோவையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.96 பார், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 0.77 பாரை ஒட்டி இருக்கும். மொத்தம் 1.6-ஐ எட்ட, கோவையில் காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும், ஊட்டியில் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். டர்போ அதற்காகக் கூடுதல் வேகத்தில் சுற்றும், காற்றும் சூடாகும்.

அந்தச் சூடுதான் வில்லன். சித்திரை வெயிலில் விஜயமங்கலம் டோல்கேட் வரிசையில் நின்றுவிட்டு உடனே முழுசாக மிதித்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும். ஸ்பார்க் கொளுத்திய தீ பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றி அடிக்கும். நாக்கிங் என்பது இதுதான். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதமாக்கிச் சமாளிக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் போனால் பிஸ்டனே உடையலாம். சென்சாரை ஏமாற்றி பூஸ்ட் ஏற்றும் மலிவு விலைப் பெட்டிகளை நான் வேண்டாம் என்பது இதனால்தான். நிஜ அழுத்தம் ஈசியூவுக்கே தெரியாமல் போய்விடும்.

உங்கள் வண்டியில் இன்ஜினைவிட கியர்பாக்ஸ்தான் எனக்குக் கவலை. கம்பெனி கொடுத்த டார்க் (முறுக்குவிசை) 175 நியூட்டன் மீட்டர். அந்த ஏழு கியர் ட்ரை கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத கிளட்ச்) டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உச்சவரம்பு 250. பழைய கிளட்ச் வேறு. நானாக இருந்தால் 220-ஐத் தாண்ட மாட்டேன்.

ஆகவே கடைக்காரரிடம் பார் கணக்கு பேசாதீர்கள், டார்க் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். எந்த பெட்ரோலுக்கு மேப் எழுதியது என்பதையும் கேளுங்கள். 95 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்கு எழுதியதென்றால் எப்போதும் அதையேதான் போட வேண்டும். மத்தியான வெயிலில் ஓட்டி எடுத்த லாக் (ஈசியூவின் பதிவு) வேண்டும், அதில் ஸ்பார்க் எவ்வளவு தாமதமானது, உள்ளே போன காற்றின் வெப்பம் எவ்வளவு என்று இருக்க வேண்டும். கம்பெனியின் ஒரிஜினல் புரோகிராம் ஃபைலின் பிரதியையும் வாங்கி வையுங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் அடுத்த கடை பாருங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டுவார்கள். அப்புறம், ரீமேப்புக்குக் காசு கட்டும் முன் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், டிஎஸ்ஜி கிளட்ச் மூன்றையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.