கடல் இல்லாத நேபாளம்: வாசகர் கேள்வி

கேள்வி: நேபாளத்துக்குக் கடலே கிடையாதே, கப்பல் சரக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

பதில்: பெரும்பகுதி இந்தியாவின் கொல்கத்தா, ஹால்தியா துறைமுகங்கள் வழியாக. விசாகப்பட்டினமும் இப்போது திறந்திருக்கிறது. கொல்கத்தாவில் இறங்கும் கன்டெய்னர், ரயிலில் சுமார் 700 கி.மீ. பயணித்து, ரக்சௌல் எல்லையைத் தாண்டி நேபாளத்தின் பீர்கஞ்ச் உலர்துறைமுகத்துக்கு (கடல் இல்லாத இடத்தில் கன்டெய்னர்களைக் கையாளும் உள்நாட்டு நிலையம்) போகிறது. முன்பு துறைமுகத்திலேயே சுங்கத் தாள்கள் தேங்கும். இப்போது கன்டெய்னரில் மின்னணுப் பூட்டு மாட்டிவிடுகிறார்கள். வழியில் யாராவது பூட்டைத் தொட்டால் உடனே தகவல் போய்விடும். பீர்கஞ்சில்தான் திறப்பார்கள்.

இறக்குமதியாளர் கவனிக்க வேண்டியது: கப்பல் சரக்குச் சீட்டில் இறுதி இடம் பீர்கஞ்ச் என்றே இருக்க வேண்டும். கொல்கத்தா என்று எழுதிவிட்டால் அங்கேயே தனியாகச் சுங்க வேலை பார்க்க வேண்டும். நாள் தள்ளத் தள்ள கன்டெய்னர் தாமதக் கட்டணம் ஏறும். அது கடைசியில் மக்கள் கொடுக்கும் விலையில் ஏறும். நேபாளத்தின் ஏற்றுமதி மிகக் குறைவு என்பதால் பெட்டிகள் பல காலியாகத் திரும்புகின்றன. அந்தச் செலவையும் இறக்குமதிதான் சுமக்கிறது.

கேள்வி: நேபாளத்தோடு இப்படித் தொடர்பு வைப்பதில் மற்ற நாடுகளுக்கு என்ன லாபம்?

பதில்: மின்சாரம். மழைக்காலத்தில் நேபாள ஆறுகளில் நீர்மின்சாரம் மிஞ்சுகிறது. 2024 அக்டோபரில் கையெழுத்தான முத்தரப்பு ஒப்பந்தப்படி 40 மெகாவாட், இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போகிறது. குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது நேபாளமே இந்தியாவிடம் வாங்குகிறது.