ஒரு பெஞ்ச், பத்துப் பேர்: ஜிம்மில் முறை கேட்பது எப்படி?

திருச்சியிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்குத் தம் பகுதியிலுள்ள ஜிம்முக்குப் போகிறார். அங்கே இருப்பது மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் பெஞ்ச் ஒன்றும், கம்பியைத் தோளில் தாங்கி உட்கார்ந்தெழும் ஸ்குவாட் ரேக் ஒன்றும் மட்டுமே. எப்போது போனாலும் யாராவது ஒருவர் அதில் அமர்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கி, வேறு எதையாவது செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். எடை கூடும்போது அறிமுகமில்லாத ஆணிடம் சப்போர்ட் (தூக்க முடியாமல் போனால் கம்பியைப் பிடிக்கத் துணை நிற்பது) கேட்கலாமா, பிறர் வியர்வை படிந்த பெஞ்சில் படுத்தால் தோல் நோய் வருமா, கேட்காமலே வந்து திருத்துபவர்களிடம் என்ன சொல்வது என்பவை அவருடைய மற்றக் கேள்விகள்.

ஜிம் நாகரிகம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பொதுவான கருவிகளை நேரக் கணக்கோடும் பாதுகாப்போடும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான். இதைப் புரிந்துகொண்டால், கேட்பதில் உள்ள கூச்சம் பாதி குறைந்துவிடும். ஒருவர் 8 முதல் 10 முறை எடை தூக்கும் ஒரு செட்டுக்கு ஏறத்தாழ 40 விநாடிகள் ஆகும் என்றும், செட்டுக்கு இடையில் அவர் 2 நிமிடம் ஓய்வெடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு செட் முடிக்க அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் தேவைப்படுகிறது. அதில் ஆறு நிமிடம் பெஞ்ச் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, அவரையும் சேர்த்து மூன்று பேர் மாறி மாறிச் செய்தால், ஆளுக்கு 40 விநாடி தூக்கவும் 20 விநாடி இடம் மாறவும் போக, ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடத்துக்கும் சற்றே கூடுதலான ஓய்வு கிடைக்கிறது. யாருடைய பயிற்சியும் கெடுவதில்லை. ஆகவே, நடுவில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்பது சலுகை கேட்பதாகாது; நெரிசல் நேரத்தில் அதுதான் இயல்பான முறை.

அதே சமயம், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதிக எடையை ஐந்து முறைக்குள் தூக்குபவருக்கு 3 முதல் 5 நிமிட ஓய்வு உண்மையிலேயே தேவை. திடீர் உழைப்புக்குத் தசை முதலில் செலவழிக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற இருப்பு மீண்டும் பெருமளவு நிரம்ப மூன்று நிமிடம் போல ஆகும். அதற்கு முன் தூக்கினால் அடுத்த செட் பாதியில் நின்றுவிடலாம். அந்த ஓய்வை அவர் பெஞ்சின் மேலேயேதான் எடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி; வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. கம்பி கையில் இருக்கும்போதோ, அதைத் தூக்க அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போதோ பேசக் கூடாது. கம்பியைத் தாங்கியில் வைத்து எழுந்து உட்கார்ந்தபின், அவர் பார்வையில் படும்படி சற்றுத் தள்ளி நின்று, காதில் இயர்போன் இருந்தால் கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு, “அண்ணா, இன்னும் எத்தனை செட் இருக்கு? நடுவுல நானும் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டால் போதும். ‘முடிஞ்சுதா?’ என்று கேட்பதைவிட இது நல்லது. விரட்டுவது போலவும் இருக்காது, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உங்களைவிட இளையவராகத் தெரிந்தால் ‘தம்பி’, வயதானவராக இருந்தால் ‘சார்’. எல்லோரையும் ‘ப்ரோ’ என்றழைக்கும் இன்றைய ஜிம் வழக்கிலும் தவறில்லை.

அவர் ஒப்புக்கொண்டால் உங்களுக்கும் சில கடமைகள் வருகின்றன. உங்கள் செட் முடிந்ததும் உங்களுக்காக மாற்றிய பிளேட்டுகளை (கம்பியில் மாட்டும் எடைத் தட்டுகள்) அவருடைய எடைக்கே திரும்ப ஏற்றிவைப்பது, படுத்த இடத்தைத் துடைப்பது, அவர் முறை வரும்போது பெஞ்சைவிட்டு எழுந்து நிற்பது ஆகியவை அவை. அவர் 100 கிலோவும் நீங்கள் 30 கிலோவும் தூக்குவதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பிளேட் மாற்றுவதிலேயே இருவரும் களைத்துப்போவீர்கள். அப்போது மிச்சமுள்ள செட்டுகளைக் கேட்டுக்கொண்டு, வேறொரு பயிற்சியை முடித்துவிட்டு வருவதே மேல். ஸ்குவாட் ரேக்கில் எடையோடு கொக்கியின் உயரத்தையும் மாற்ற வேண்டியிருப்பதால், உயர வேறுபாடு அதிகமுள்ள இருவர் பகிர்வது இன்னும் சிரமம். பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் பெஞ்சில் துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துவிட்டுக் கேபிள் மிஷினுக்குப் போகும் வழக்கம் நெரிசல் நேரத்தில் கூடவே கூடாது. ஒரே ரேக் உள்ள ஜிம்மில் அதற்குள் நின்று பைசெப்ஸ் கர்ல் (முழங்கையை மடக்கி எடை தூக்குவது) போடுபவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அந்தப் பயிற்சியைத் தரையில் எங்கு நின்றும் செய்யலாம்.

பிளேட்டுகளைக் கழற்றி அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியும் ஒழுங்குக்காக மட்டும் ஏற்பட்டதன்று. முன்னால் செய்தவர் விட்டுப்போன 20 கிலோ பிளேட்டுகளை இழுத்துக் கழற்ற முயன்று, பயிற்சி தொடங்கும் முன்பே இடுப்பைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. கழற்றும்போது ஒரு பக்கத்தை முழுவதும் காலி செய்துவிட்டு மறுபக்கம் போகாமல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கிக்கு வெளியே தொங்கும் எடை அதிகமாகிவிட்டால், கம்பி நெம்புகோலாக மாறி, காலியான முனை விருட்டென்று மேலே எழும்பி அருகில் நிற்பவரின் முகத்தைத் தாக்கும். ஒலிம்பிக் அளவுக் கம்பி ஆண்களுக்கானது 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. நம் ஊர்ச் சிறிய ஜிம்கள் பலவற்றில் கம்பி அதைவிட இலகுவாகவும் பெஞ்சின் தாங்கிகள் நெருக்கமாகவும் இருப்பதால், அங்கே குறைந்த எடையிலேயே இந்த விபத்து நேரலாம். உங்கள் ஜிம் கம்பியின் எடை என்ன என்பதை மாஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்ற கணக்குக்கும் அது தேவை.

இனி சப்போர்ட். கேட்கலாம், பெஞ்ச் பிரஸ்ஸில் முழு எடையோடு தனியாகப் போராடுவதைவிட அறிமுகமில்லாதவரைக் கேட்பது எவ்வளவோ நல்லது. ஆனால் தூக்கும் முன்பே மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்: எத்தனை முறை தூக்கப் போகிறீர்கள், தாங்கியிலிருந்து கம்பியை எடுத்துத் தர வேண்டுமா, எப்போது கை வைக்க வேண்டும். கம்பி மேலே போகாமல் நின்றாலோ கீழே இறங்கத் தொடங்கினாலோ அல்லது நீங்கள் குரல் கொடுத்தாலோ ஒழியத் தொட வேண்டாம் என்பது நல்ல ஏற்பாடு. சப்போர்ட் கொடுப்பவர் தலைமாட்டில் நின்று, கை வைத்தபின் கம்பி தாங்கியில் அமரும்வரை விடக் கூடாது. டம்பெல் பிரஸ்ஸாக இருந்தால் முழங்கையைத் தாங்குவதைவிட மணிக்கட்டருகே பிடிப்பதே பாதுகாப்பு. முழங்கையைப் பிடித்தாலும் கை உள்பக்கம் மடங்கி டம்பெல் முகத்தில் விழ வாய்ப்பிருக்கிறது.

ஸ்குவாட்டின் நிலை வேறு. அதில் ஒற்றை ஆள் சப்போர்ட் கொடுப்பதென்றால் பின்னால் ஒட்டி நின்று மார்புக்குக் கீழே கைகளைக் கொடுக்க வேண்டும். அறிமுகமில்லாதவரிடம் அதைக் கேட்க உங்களுக்குத் தயக்கம் இருப்பது முற்றிலும் நியாயம். ரேக்கிலுள்ள பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் முழுதாக உட்காரும்போது தோளிலுள்ள கம்பி இருக்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே பொருத்திக்கொண்டால் யாருடைய துணையும் தேவைப்படாது. அவை இல்லாத ரேக்காக இருந்தால், கம்பியின் இரு முனைகளிலும் ஆளுக்கொருவராக இரண்டு பேரை நிறுத்தலாம். பயிற்சியாளரே ஆனாலும் உடலைத் தொட்டுத் திருத்தும் முன் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். கேட்காவிட்டால் “சொல்லிக் குடுங்க போதும், நான் பண்ணிக்கிறேன்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தோல் நோய் பற்றிய அச்சம் வீண் அச்சமன்று. படர்தாமரை என்பது பூஞ்சையால் வருவது. தோலோடு தோல் உரசுவதாலும், துண்டு, உடை போன்றவற்றைப் பகிர்வதாலும் பரவுகிறது. வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காத படர்தாமரை இந்தியாவில் பெருகியிருப்பது தோல் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அரிப்பை அடக்கிவிட்டு நோயை வளர்க்கின்றன. எனவே இரண்டு பருத்தித் துண்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றைப் பெஞ்சில் விரிக்கவும் மற்றொன்றை முகம் துடைக்கவும் பயன்படுத்துங்கள். கிருமிநாசினியை அடித்த மறுநொடி துடைத்துவிட்டால் பயன் குறைவு. முதலில் வியர்வையைத் துடைத்து, பிறகு மருந்தை அடித்து, போத்தலில் குறித்துள்ள நேரம் ஈரமாக இருக்கவிட வேண்டும். டிரெட்மில் திரையில் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்கலாம். உடம்பில் படர்தாமரை உள்ளவர், மருத்துவர் சொல்லும்வரை பொதுப் பெஞ்சில் படுக்காமல் இருப்பது பிறருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. வியர்வை நாற்றத்தை மறைக்க ஏசி அறைக்குள் பாடி ஸ்பிரேயைக் கொட்டிக்கொள்வதும் தீர்வாகாது. மூச்சிரைப்புள்ளவர்களுக்கு அது பெருந்துன்பம். துவைத்த பனியனே போதும்.

கேட்காமல் வரும் அறிவுரையைப் பொறுத்தவரை, அடுத்த கணம் அடிபடும் என்ற நிலை இருந்தாலொழிய யாரும் யாரையும் திருத்தப் போக வேண்டியதில்லை. அப்போதுகூட மாஸ்டரை அழைப்பதே சரி. உங்களிடம் வருபவரிடம், “மாஸ்டர் குடுத்த ஷெட்யூல்படி பண்றேன், தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த செட்டைத் தொடங்குங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் உரையாடல் நீளும். உங்களைப் பின்னணியில் வைத்து யாராவது வீடியோ எடுத்தால் நிறுத்தச் சொல்லலாம். உடை மாற்றும் அறையில் பெண்ணைப் படமெடுப்பதோ, நாகரிகக் குறைவு என்பதையும் தாண்டி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம்.

முறையாகக் கேட்டும் ஒருவர் தொடர்ந்து இடம் தர மறுத்தால், அவரோடு வாதாடாமல் ஜிம் உரிமையாளரிடம் சொல்லுங்கள். மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை பெஞ்சையும் ரேக்கையும் பகிர்ந்தே பயன்படுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டும் பொறுப்பு அவருடையது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கசப்பதைவிட அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும். பெஞ்ச் கிடைக்காத நாளில் வெறுமனே திரும்ப வேண்டாம்: பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பதிலாகத் தரையில் மல்லாந்து படுத்து டம்பெல் பிரஸ்ஸும், ரேக்குக்குப் பதிலாக ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்து ஸ்குவாட்டும் நான்கு நான்கு செட் செய்யலாம், இரண்டுக்கும் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.