போர்க்கால வரைபடங்கள்: முதலில் ஓரத்தைப் படியுங்கள்

பழைய ராணுவ வரைபடங்களைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதில் பாதிக்கு விடை, படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் பழைய புலம்பல்.

முதல் உலகப் போரில் இருந்த ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவின் நாட்குறிப்பில் ‘57டி.க்யூ.17.பி.3.8’ என்று இருக்கிறது. இது எந்த இடம்?

இடமிருந்து வலமாக, பெரியதிலிருந்து சிறியதுக்குப் போங்கள். 57டி என்பது ஷீட்டின் எண். பிரான்சின் சோம் பகுதி. ஒவ்வொரு ஷீட்டையும் ஏ முதல் எக்ஸ் வரை 24 பெரிய கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள், வரிசைக்கு ஆறு. க்யூ மூன்றாவது வரிசையில் ஐந்தாவது. அதற்குள் 1,000 கஜச் சதுரங்கள், 30 அல்லது 36 இருக்கும். இங்கும் வரிசைக்கு ஆறுதான். 17ஐக் கண்டுபிடித்தாயிற்றா? அதை நான்காக வெட்டுங்கள். ஏ மேல் இடது, பி மேல் வலது, சி கீழ் இடது, டி கீழ் வலது. இந்தச் சிறு எழுத்துகள் எல்லாச் சதுரத்திலும் அச்சாகியிருக்காது, மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பி என்ற கால்பாகத்தின் ஒரு பக்கம் 500 கஜம். அதைப் பத்தாகப் பிரித்து, தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே 3, வடக்கே 8 எண்ணுங்கள். அதாவது 150 கஜம் கிழக்கு, 400 கஜம் வடக்கு. எப்போதும் கிழக்குதான் முதலில். ஒருமுறை நான் வடக்கை முதலில் எண்ணி, ஒரு பிளாட்டூனையே எதிரியின் முள்வேலிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன், நல்லவேளையாகக் காகிதத்தில்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இந்த ஷீட்டுகள் பலவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து இலவசமாகப் பார்க்கலாம். எந்த வயல், எந்த வளைவு என்று அங்கே தெரிந்துவிடும்.

என் ஷீட்டில் சிவப்புக் கோடுகள் சிலந்தி வலை மாதிரி இருக்கின்றன, நீலம் ஏறக்குறைய இல்லை. ஒரு பக்கத்தில் ஆளே இல்லையா?

இருந்தார்கள், ஆனால் வரையவில்லை. 1918 தொடக்கம் வரை பிரிட்டிஷ் வரைபடங்களில் சிவப்பு ஜெர்மன், நீலம் பிரிட்டிஷ். அதன்பின் நிறத்தைத் தலைகீழாக்கினார்கள். சொந்தப் பதுங்குகுழிகளை விரிவாக அச்சிட்ட படம் எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும்? அதனால் பொதுப் புழக்கத்துக்கான பதிப்புகளில் தங்கள் பக்கத்தை விட்டுவிட்டார்கள், அல்லது முன்வரிசையை மட்டும் ஒரு கோடாகக் காட்டினார்கள். முழுசாகக் காட்டிய ரகசியப் பதிப்புகள் தனி.

அப்புறம், ஓரத்தில் ‘பதுங்குகுழிகள் இந்தத் தேதி வரை திருத்தப்பட்டவை’ என்று ஒரு வரி இருக்கும். அச்சான தேதியைவிட அதுதான் முக்கியம். இரண்டு வாரத்தில் ஒரு வரிசையே கைமாறிய இடங்கள் உண்டு.

ஸ்கேன் செய்த படத்தைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய படத்தோடு பொருத்தினேன். சாலைகள் எல்லாம் ஒரே திசையில் தள்ளி நிற்கின்றன. படமே தப்பா?

எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளியிருந்தால் அது நல்ல செய்தி. காரணம் பெரும்பாலும் டேட்டம், அதாவது பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பது. சோவியத் படங்கள் ‘1942 முறை’ என்ற டேட்டத்தில், கிராசோவ்ஸ்கி நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கை வைத்து வரைந்தவை. அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால் 100 மீட்டருக்கு மேலேகூடப் பிழை வரும். எவரெஸ்ட் நீள்கோளத்தை வைத்த பழைய இந்திய சர்வே படங்களில் இந்த விலகல் இன்னும் பெரியது. மூல டேட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு பக்கம் இழுத்தால் சிக்கல் காகிதத்தில். மடிப்பு, ஈரம், சுருக்கம் ஏதாவது இருக்கும். ரயில் பாதை கடக்கும் இடம், கால்வாய்ப் பாலம், சாலைச் சந்திப்பு என்று அசையாத புள்ளிகளைப் படம் முழுக்கப் பரப்பி எடுங்கள். ஆற்று வளைவையும் காட்டின் விளிம்பையும் நம்பாதீர்கள்.

எவ்வளவு துல்லியம் போதும்? ஒரு பேனாக் கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், 1:10,000 படத்தில் அது 5 மீட்டர், 1:40,000இல் 20 மீட்டர். அதற்குக் கீழே பிழையைக் குறைக்க ராத்திரி முழுக்க உட்கார்வது வீண். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டுத்துணியில் அச்சிட்ட இரண்டாம் உலகப் போர் வரைபடம் கிடைத்தது. தொட்டுப் பார்த்தால் ரேயான் மாதிரி இருக்கிறது. போலியா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எதிரிப் பகுதியில் விழுந்த விமானிகள் தப்பி வருவதற்காக பிரிட்டனின் எம்ஐ9 பிரிவு கொடுத்தவை இவை. துணி சலசலக்காது, நனைந்தாலும் கிழியாது, உடையின் உள்மடிப்பில் வைத்துத் தைக்கலாம். முதலில் பட்டில் அச்சிட்டார்கள், பிறகு ரேயானிலும். போருக்குப்பின் மிச்சம் இருந்தவை விற்பனைக்கு வந்து சட்டையும் ஸ்கார்ஃபுமாக மாறின, அதனால் தையல் ஓட்டைகள் இருந்தாலும் பதற வேண்டாம். சோப்பு போடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம்.

சோவியத் ராணுவ வரைபடத்தில் பாலத்தின் பக்கத்தில் பின்னம் மாதிரி எண்கள் இருக்கின்றன. என்ன கணக்கு?

டாங்கி ஓட்டுபவரின் கணக்கு. கோட்டுக்கு மேலே பாலத்தின் நீளமும் அகலமும் மீட்டரில். கீழே அது தாங்கும் எடை, டன்னில். பக்கத்து எழுத்து கல்லா, மரமா, இரும்பா என்று சொல்லும். காட்டிலும் இதே கதை. மேலே மரத்தின் உயரம், கீழே தண்டின் தடிமன், பக்கத்தில் மரத்துக்கு மரம் இடைவெளி. ‘25, 0.30, 6’ என்றிருந்தால் 25 மீட்டர் மரங்கள், 30 சென்டிமீட்டர் தண்டு, 6 மீட்டர் இடைவெளி. வண்டி நுழையுமா, மரத்தைச் சாய்க்க முடியுமா என்று ஆள் போகாமலே முடிவு செய்யலாம். எனக்கு இதில் அலாதிப் பிரியம்; ஒரு காட்டை இவ்வளவு சிக்கனமாக யாரும் வர்ணித்ததில்லை.

இன்று மத்திய ஆசியாவின் பனிப்பாறைகள் எவ்வளவு சுருங்கின என்று பார்க்க ஆய்வாளர்கள் இந்தப் படங்களைத்தான் எடுத்து ஒப்பிடுகிறார்கள். பாலத்தின் எடைக் கணக்கை மட்டும் நம்பி லாரியை ஏற்றாதீர்கள்.

பெல்ஜியத்தில் பழைய போர்முனைப் பகுதியில் தோண்ட வேண்டிய இடம். பதுங்குகுழி வரைபடத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தோண்டலாமா?

கூடாது. அந்தப் படம் குழிகளைத்தான் காட்டுகிறது, குண்டு விழுந்த இடங்களையெல்லாம் அல்ல. ஒவ்வொரு உழவிலும் அங்கே விவசாயிகளுக்கு இன்றும் வெடிக்காத குண்டுகள் கிடைக்கின்றன. சுரங்க வெடிகளோ, அதாவது எதிரியின் அடியில் சுரங்கம் தோண்டி நிரப்பிய வெடிமருந்து, வழக்கமான பதுங்குகுழி வரைபடங்களில் வரவே வராது. 1917 ஜூன் 7 அன்று மெசீன் மேட்டின் அடியில் பிரிட்டிஷார் 19 சுரங்க வெடிகளை வெடித்தார்கள். வெடிக்காமல் விட்டுப்போனவற்றில் ஒன்று 1955இல் இடி மின்னலில் தானே வெடித்தது. செத்தது ஒரு பசு மாடு.

வரைபடத்தின் வேலை வேறு: எங்கே அதிகக் கவனம் தேவை என்று சொல்வது. பல தேதிகளில் வந்த ஷீட்டுகள், போர்க்கால வான்படங்கள், பிறகு நிலத்தடி இரும்பைக் கண்டுபிடிக்கும் காந்தமானி ஆய்வு, இந்த வரிசையில் அதற்கென்றே இருக்கும் நிபுணர்கள் செய்வார்கள். துருப்பிடித்த உருளை ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், நகர்த்தாமல், போலீஸைக் கூப்பிடுங்கள். ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துக்கொண்டு போகும்.