மீன்பிடிக்க முதன்முதலாக நல்ல ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) வாங்கப் போகிறேன். ஸ்பின்னிங் வாங்கலாமா, பெய்ட்காஸ்டிங் வாங்கலாமா?

எறியப்போகும் லூரின், அதாவது போலி இரையின், எடை எவ்வளவு? இது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலும் 10 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங். 15 கிராமுக்கு மேலே, அதுவும் பாசியும் கட்டையும் மண்டிய தண்ணீரில் என்றால் பெய்ட்காஸ்டர். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, எல்லாவற்றையும் கொஞ்சம் செய்து பார்க்கப் போகிறேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பின்னிங் வாங்குங்கள்.

“ஸ்பின்னிங் கற்றுக்குட்டிக்கு, பெய்ட்காஸ்டர் தேர்ந்தவருக்கு” என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நன்றாகத் தேர்ந்தவர்களும் 3 கிராம் ஜிக்கை (எடை கோத்த தூண்டில்முள் லூர்) எறிய ஸ்பின்னிங்கைத்தான் எடுக்கிறார்கள். காரணம் கௌரவத்தில் இல்லை, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் இருக்கிறது.

ஸ்பின்னிங் ரீல் ராடுக்கு (தூண்டில் கம்புக்கு) அடியில் தொங்கும். எறியும்போது அதன் ஸ்பூல் சுழலாது. நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த கம்பியான பெயிலைத் திறந்துவிட்டால், ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகும். 1905இல் இங்கிலாந்தில் இப்படி ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் நெசவுத் தொழில்காரர். நூல்கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் நுனி வழியாக உருவி வருவதைப் பார்த்துப் பழகிய தொழில் அது. அந்த யோசனை அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை. ஸ்பூலைச் சுழற்ற வேண்டிய வேலை இல்லாததால் சின்ன லூர்கூட நரம்பை இழுத்துக்கொண்டு தூரம் போய்விடும்.

பெய்ட்காஸ்டர் ராடுக்கு மேலே உட்காரும். இதில் ஸ்பூல் உருண்டால்தான் நரம்பு வெளியே வரும், அதை உருட்ட வேண்டியது லூரின் எடை. 4 கிராம் லூருக்கு அந்தத் தெம்பு கிடையாது. (எடை குறைந்த ஸ்பூல் போட்டு, சின்ன லூருக்கென்றே செய்த பெய்ட்காஸ்டர்களும் உண்டு. ஆனால் அது முதல் ரீலாக வாங்குகிற சமாச்சாரம் இல்லை.)

எல்லோரும் பயப்படுகிற பேக்லாஷ், அதாவது ஸ்பூலில் நரம்பு சிக்கிக்கொள்வது, வருவதும் இதனால்தான். எறிந்த நொடியில் லூர் வேகமாகப் போகிறது, ஸ்பூலும் அதே வேகத்தைப் பிடிக்கிறது. அப்புறம் காற்று லூரைத் தடுக்க, லூர் மெதுவாகிறது. ஸ்பூல் மட்டும் பழைய வேகத்திலேயே சுழலும். வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் கிணற்று உருளை சுழன்றுகொண்டிருந்தால் கயிறு என்னவாகுமோ, அதுதான் இங்கே நரம்புக்கும். எதிர்க்காற்றில் எறியும்போது இது அதிகமாவதும் அதனால்தான்.

இதை அடக்கப் பெய்ட்காஸ்டரில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கைப்பிடிப் பக்கம் இருக்கும் டென்ஷன் திருகு. லூரைக் கட்டி, ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் கட்டைவிரல் பொத்தானை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் சுழன்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். லூர் மாற்றும்போதெல்லாம் இதை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில் உள்ள பிரேக், காந்த வகையோ மையவிலக்கு வகையோ. முதலில் அதை முழு அளவில் வைத்துக்கொண்டு, கை பழகப் பழக ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். மூன்றாவது உங்கள் கட்டைவிரல். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஸ்பூலை மெல்ல அழுத்தி நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த மூன்றாவது இல்லாமல் வேலைக்காகாது.

சிக்கு விழுந்துவிட்டால் உடனே பிய்த்து இழுக்காதீர்கள். டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி நரம்பை மெல்ல இழுத்தால் பெரும்பாலான சிக்குகள் அவிழ்ந்துவிடும்.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு? கட்டைவிரல் எப்போதும் ஸ்பூலிலேயே இருப்பதால், குறிவைத்த இடத்தில் லூரைச் சத்தமில்லாமல் இறக்க முடியும். தடித்த நரம்பும் இதில் பிரச்சினை செய்யாது. 20 பவுண்டு இழுவை தாங்கும் மோனோவை (ஒற்றை இழை நைலான் நரம்பை) ஸ்பின்னிங்கின் சின்ன ஸ்பூலில் சுற்றினால் சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வரும். பெய்ட்காஸ்டரில் நேராக வந்து நேராகப் போகும். பாசிக்குள் புகுந்த மீனை வலுக்கட்டாயமாக வெளியே இழுக்கும்போது வித்தியாசம் கையிலேயே தெரியும். ஸ்பின்னிங்கில் நரம்பு ஒரு சிறு உருளையில் செங்குத்தாகத் திரும்பித்தான் ஸ்பூலுக்குப் போகிறது. பெய்ட்காஸ்டரில் அந்தத் திருப்பம் இல்லை. அதற்காக ஸ்பின்னிங் பெரிய மீனுக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அளவு ஸ்பின்னிங் ரீல்களில் சூரை மீனையே பிடிக்கிறார்கள்.

ஸ்பின்னிங்கின் தலைவலி வேறு: முறுக்கு. மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போது நீங்களும் கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5:1 விகித ரீலில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 5 முறுக்கு. இப்படி ஒரு நல்ல மீனோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால் நரம்பு அப்புறம் கேட்டபடி நடக்காது. மீன் ஓடும்போது சுற்றுவதை நிறுத்துங்கள். எறிந்த பிறகு பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் விரலால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்பூலை வழிய வழிய நிரப்பாமல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போடுபவர்களுக்கு வரும் முடிச்சுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றால் வருபவைதான்.

லூரை நேர்கீழாக மிதந்து இறங்க விடும் மீன்பிடிப்பிலும் ஸ்பின்னிங்குக்கே என் ஓட்டு. திறந்த பெயிலிலிருந்து நரம்பு தடையில்லாமல் போகும். பெய்ட்காஸ்டரில் கையால் நரம்பை உருவிக் கொடுக்காவிட்டால், எடை குறைந்த லூர் நேராக இறங்காமல் உங்கள் பக்கமாக ஊசலாடி வந்துவிடும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஸ்பின்னிங்கில் கைப்பிடியைக் கழற்றி இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது முடியாது, இடக்கை வலக்கை என்று தனித்தனியாக வரும். வலக்கையால் எறிபவர் வலக்கை ரீல் (கைப்பிடி வலப்பக்கம் உள்ளது) வாங்கினால், ஒவ்வொரு முறையும் எறிந்தபின் ராடைக் கை மாற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு அது பழகிவிடும், எனக்கு எரிச்சல். அடுத்தது, ஒரே ராடில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் பெரிதாக இருக்கும், வளையங்கள் அடிப்பக்கம் இருக்கும். பெய்ட்காஸ்டிங் ராடில் சிறிய வளையங்கள் மேலே இருக்கும், விரல் மாட்ட ஒரு கொக்கியும் உண்டு. ஆகவே ரீலுக்கு ஒதுக்கிய பணத்தில் ராடுக்கும் பங்கு வையுங்கள்.

ஸ்பின்னிங் என்று முடிவானால் 2500 என்ற அளவு எண் உள்ள ரீல், 10 பவுண்டு பிரெய்டு, முனையில் ஒரு மீட்டர் ஃப்ளூரோகார்பன் (தண்ணீரில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத நரம்பு). ராடில் எழுதியிருக்கும் லூர் எடை வரம்பு நீங்கள் எறியப்போவதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெய்ட்காஸ்டர்தான் வேண்டும் என்றால் முதலில் மெல்லிய பிரெய்டு போடாதீர்கள், அதில் விழும் சிக்கு அவிழாது. 12 முதல் 15 பவுண்டு மோனோ போட்டு, 15 கிராம் எடையை முனையில் கட்டி, தண்ணீருக்குப் போகுமுன் திறந்த வெளியில் சில நாட்கள் எறிந்து பழகுங்கள்.